உங்களுக்குத் தெரியுமா? கீமோ எதற்கு, எதுவரை?

● ஆளைக் கொல்வதற்காகத் தயாரித்த போர் ரசாயனத்திலிருந்து பிறந்ததுதான் இன்றைய கீமோ. 1942 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், புற்றுநோயால் கழுத்தும் தாடையும் வீங்கி, விழுங்கவே முடியாமல் கிடந்த ஒருவருக்கு நைட்ரஜன் மஸ்டர்டு என்ற பொருளை ரத்தக்குழாய் வழியே ஏற்றினார்கள். லூயிஸ் குட்மன், ஆல்ஃப்ரெட் கில்மன் என்ற இருவரின் ஆராய்ச்சி அது. சில நாட்களில் கட்டிகள் கரைந்தன. சில வாரங்களில் மறுபடி கிளம்பின. அந்த டிசம்பரிலேயே அவர் இறந்துபோனார். கீமோவால் என்ன முடியும், என்ன முடியாது என்பது முதல் நோயாளியிடமே தெரிந்துவிட்டது. ராணுவ ரகசியம் என்பதால் இந்தச் செய்தி 1946 வரை வெளியே வரவில்லை.

● 1943 டிசம்பர் 2 இரவு. இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டன. அங்கே நின்ற ‘ஜான் ஹார்வி’ என்ற அமெரிக்கக் கப்பலுக்குள் மஸ்டர்டு குண்டுகள் ரகசியமாக அடுக்கப்பட்டிருந்தன. கப்பல் வெடித்து, விஷம் எண்ணெயோடு கலந்து கடலில் மிதந்தது. உயிர் தப்பி நீந்தியவர்கள் அதில் நனைந்து, அடுத்தடுத்த நாட்களில் காரணம் தெரியாமல் இறந்தார்கள். விசாரிக்க வந்த ராணுவ மருத்துவர் ஸ்டூவர்ட் அலெக்சாண்டர், இறந்தவர்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருப்பதைக் கவனித்துப் பதிவு செய்தார். வெள்ளை அணுக்களை இப்படி அழிக்கும் பொருள், ரத்தப் புற்றுநோயையும் அழிக்கலாம் என்ற எண்ணம் அதன்பின் வலுவடைந்தது.

● அதே பாரிக்குப் பக்கத்தில் காஸ்டல் டெல் மோன்டே என்று ஒரு பழைய கோட்டை இருக்கிறது. அந்த வட்டாரத்து மண்ணில் எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்துதான் டாக்ஸோரூபிசின் வகை மருந்துகள் வந்தன. மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றும் ‘சிவப்பு மருந்து’ இதுதான். ஏற்றிய ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் இந்த மருந்துக்கு வாழ்நாள் முழுமைக்கும் ஓர் அளவு உண்டு. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமைத் தாண்டினால் இதயம் பலவீனமாகும் ஆபத்து வேகமாகக் கூடுகிறது. பழைய சிகிச்சைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பத்து வருடம் கழித்து வேறு மருத்துவமனைக்குப் போனாலும், ஏற்கெனவே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

● குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைக் கட்டுப்படுத்திக் காட்டிய முதல் கீமோ மருந்துக்குப் பின்னால் இருந்தவர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த ஒருவர்.

எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சகோதரர்கள் இருவரை ‘ஸ்புரூ’ என்ற குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். சென்னையில் மருத்துவம் படிக்கும்போது காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சை அங்கியையும் கதரில் அணிந்தார். அது பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, 1923-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

பின்னாளில் லெடர்லே ஆய்வகத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. அதைத் தொடர்ந்து, ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்துச் செல்லை ஏமாற்றி, அதன் பெருக்கத்தைத் தடுக்கும் அமினோப்டெரின் போன்ற பொருட்களையும் செய்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் வகைச் சத்தைக் கொடுத்துப் பார்த்து, நோய் அதிகமாவதைக் கண்டிருந்தார். சத்தைக் கொடுத்தால் நோய் வளர்கிறது என்றால், அதைத் தடுத்தால்? சுப்பாராவின் குழுவிடமிருந்து மருந்து போயிற்று. 1948 ஜூனில் முடிவு வெளியானது: 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. நிலையாக அல்ல, சில மாதங்களுக்கு மட்டும். ஆனாலும் படுத்தே கிடந்த பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள்.

அந்த ஆகஸ்ட்டிலேயே சுப்பாராவ் இறந்துவிட்டார். வயது 53. அதே குடும்பத்து மருந்தான மெதோட்ரெக்ஸேட் இன்றும் உலகெங்கும் குழந்தைகளுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. நம் பாடப் புத்தகங்களில் அவருக்கு ஒரு முழுப் பாடமே ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

● சில மாதங்கள் என்றிருந்ததை முழுக் குணமாக மாற்றியது புதிய மருந்து அல்ல, கூட்டு மருந்து. ஒரே மருந்தைக் கொடுத்தால், அதற்கு மசியாத சில செல்கள் தப்பித்துப் பெருகும். வெவ்வேறு வழிகளில் தாக்கும் நான்கைந்து மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் தப்பிப்பது கடினம். 1962-ல் தொடங்கி மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்கெல் இதை ஒரு முழுத் திட்டமாக ஆக்கினார். இன்று வசதியான நாடுகளில், லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். இந்தியாவில் 1980-களில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா, தில்லி எய்ம்ஸ் மூன்றும் ‘எம்.சி.பி. 841’ என்ற ஒரே முறையைக் கையாண்டபோது, பிழைத்த குழந்தைகளின் எண்ணிக்கை கண்முன்னே உயர்ந்தது. இந்தச் சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் நீளும். பிள்ளை தேறிவிட்டான் என்று பாதியில் ஊருக்குத் திரும்பிவிடுவதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து.

● வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகளின் தாய்ச்செடி. மடகாஸ்கரிலிருந்து உலகம் சுற்றி வந்தது. 1950-களில் ஜமைக்காவிலிருந்து அதன் இலைகள் கனடாவுக்குப் போயின. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அந்த இலையில் கஷாயம் குடிக்கிறார்களே, உண்மையா என்று பார்ப்பதற்காக. ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சோதித்தார்கள். எலிகளின் சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்தத் தோல்விதான் மருந்தானது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் மருந்து கம்பெனிகளுக்காக இதைப் பயிரிடுகிறார்கள்.

ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். இலையில் இந்த மருந்தோடு இன்னும் எத்தனையோ விஷப்பொருட்கள் இருக்கின்றன. அதனால் ‘அதே செடிதானே’ என்று இலையை அரைத்துக் குடிக்கச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியத்தை நம்பாதீர்கள். சுத்திகரித்த வின்கிரிஸ்டினே எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டியது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டிய அதை, தவறிப்போய் முதுகுத்தண்டு நீரில் செலுத்தினால் அநேகமாக உயிர் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே இதற்காக எச்சரிக்கை விட்டு, சிரிஞ்சில் எடுக்காமல் சிறு பையில் கலந்து கொடுக்கச் சொன்னது.

● ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பது சடங்குக்காக அல்ல. கீமோ மருந்துகளில் பலவற்றின் அளவு, உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட்ட உடல் பரப்பைப் பொறுத்தது. இடையில் எடை நன்றாகக் குறைந்துபோயிருந்தால் அளவும் மாறும்.

● கட்டியே தெரியவில்லை என்று ஸ்கேன் சொன்ன பிறகும் ஏன் இன்னும் மூன்று சைக்கிள்? ஒரு சென்டிமீட்டர் கட்டிக்குள் ஏறக்குறைய 100 கோடி செல்கள் இருக்கும். ஒரு தவணை மருந்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை அழித்தாலும், மிச்சம் ஒரு கோடி. அவ்வளவு சின்னதை எந்த ஸ்கேனும் காட்டாது. கீமோ ஒவ்வொரு தடவையும் குறிப்பிட்ட எண்ணிக்கையை அல்ல, குறிப்பிட்ட விகிதத்தை அழிக்கிறது என்பதை 1960-களில் ஹோவர்டு ஸ்கிப்பர் எலிகளில் நிறுவிக் காட்டினார். களை எடுத்த வயலில் பயிர் நிமிர நாள் விட்டு, மறுபடி இறங்குவதைப் போலத்தான் இரண்டு தவணைகளுக்கு நடுவே பெரும்பாலும் விடும் 21 நாள் இடைவெளி. எலும்பு மஜ்ஜை மீண்டுவர அவ்வளவு அவகாசம் தேவைப்படுகிறது. களையும் அதற்குள் கொஞ்சம் முளைக்கத்தான் செய்யும்.

● இந்தப் பத்தியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வையுங்கள். கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகும். அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், அது நாளைக் காலை பார்க்கும் காய்ச்சல் அல்ல. பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிட்டால் காய்ச்சல் இறங்கும். ரத்தத்தில் பரவும் கிருமி இறங்காது. எதிர்த்துப் போராட அணுக்கள் இல்லாததால் சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது, காய்ச்சல் மட்டுமே ஒரே அறிகுறியாக இருக்கும். சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்துவிடலாம்.

நள்ளிரவாக இருந்தாலும் கிளம்புங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக, ‘கீமோ ஏற்றி இத்தனை நாள் ஆகிறது, காய்ச்சல்’ என்று சொல்லுங்கள். தாமதமின்றி ஆன்டிபயாடிக் ஊசி ஆரம்பிக்க அந்த ஒரு வாக்கியம் போதும். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை என்றால், முதல் கீமோவுக்கு முன்பே ஒன்று வாங்கி வையுங்கள்.

● முடி கொட்டினால் மருந்து வேலை செய்கிறது, கொட்டாவிட்டால் வேலை செய்யவில்லை என்பது தவறு. வேகமாகப் பிரியும் செல்களைக் கீமோ தாக்குகிறது. முடியின் வேர், வாய், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாம் அந்த வகை. எந்த மருந்து என்பதைப் பொறுத்துத்தான் முடி கொட்டுவது. வாந்தியும் அப்படியே. ஒன்டான்செட்ரான் போன்ற மருந்துகள் 1990-களில் வந்த பிறகு, பழைய சினிமாவில் வருவதுபோல ஓயாமல் வாந்தி எடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான் என்று பயந்து, குணமாகக்கூடிய நோய்க்குச் சிகிச்சையே வேண்டாம் என்று ஓடிவிடுபவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

● கேப்பசைட்டபின் என்ற கீமோ மாத்திரை கைரேகையை அழித்துவிடலாம். சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயது நோயாளி ஒருவரை, விரல்ரேகை பதியவில்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் நிறுத்தி வைத்தார்கள். 2009-ல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரிவதால் வரும் விளைவு. ரேஷன் கடையிலோ வங்கியிலோ ரேகை விழவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

● கீமோ மட்டுமே குணப்படுத்திய முதல் கட்டி வகைப் புற்றுநோய், கர்ப்பத்தின் நஞ்சுத் திசுவில் தோன்றும் கோரியோகார்சினோமா. 1956-ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் மெதோட்ரெக்ஸேட் கொடுத்தார்கள். நுரையீரலில் பரவிய கட்டிகள் மறைந்தன. எல்லோரும் நிறுத்தச் சொன்னபோது லீ நிறுத்தவில்லை. கர்ப்பப் பரிசோதனையில் பார்க்கும் அதே ஹார்மோன் ரத்தத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது பூஜ்யமாகும்வரை விடக்கூடாது என்றார். நோயாளிகளை வீணாக வதைக்கிறார் என்று அவரை வெளியேற்றினார்கள். அவர் சிகிச்சை அளித்தவர்களுக்கு நோய் திரும்பவில்லை. 1972-ல் அவருக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது.

● பிளாட்டினம் மின்முனைகளைக் கிருமிக் கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார் பார்னெட் ரோசன்பெர்க். கிருமிகள் பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் இல்லை. கரைந்து வந்த பிளாட்டினம். 1965-ல் இதை அறிவித்தார். அதுவே சிஸ்பிளாட்டின். உடல் முழுக்கப் பரவிய விரைப் புற்றுநோயிலும் பெரும்பாலோரை இன்று காப்பாற்றுவது இந்த மருந்துதான்.

● ‘கீமோ கொடுக்கிறார்கள்’ என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். அதன் நோக்கம் ஆளுக்கு ஆள் வேறு. ரத்தப் புற்றுநோய், ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, விரைப் புற்றுநோய் போன்றவற்றில் அதுவே நோயைத் தீர்க்கும் பிரதான மருந்து. மார்பகம், பெருங்குடல் போன்றவற்றில் அறுவை சிகிச்சைக்குப் பின், எங்காவது ஒளிந்திருக்கும் செல்களை அழித்து, நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்க. சில நேரம் கட்டியைச் சுருக்கி அறுவைக்கு வழிசெய்ய முன்னதாகவே கொடுப்பார்கள். வாய், தொண்டை, கருப்பை வாய்ப் புற்றுநோயில் முக்கிய வேலை கதிர்வீச்சுக்கு. நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்களே, அது. வாரம் ஒருமுறை ஏறும் சிஸ்பிளாட்டின் அதற்குத் துணை.

ஐந்தாவது வகையைத்தான் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. நுரையீரல், வயிறு, கணையம் போன்றவற்றில் நோய் தோன்றி வேறு உறுப்புகளுக்கும் பரவிவிட்ட பெரும்பாலானவர்களுக்குக் கீமோ நோயை முழுவதும் தீர்க்காது. வலியை, மூச்சுத்திணறலைக் குறைக்கும். சில மாதம், சிலருக்கு வருடங்கள் கூட்டும். அதுவும் பெறத்தக்க நன்மைதான். ஆனால் இன்னதுக்கு என்று தெரிந்து பெற வேண்டும். இது தீர்ப்பதற்கா, திரும்பாமல் தடுப்பதற்கா, தணிப்பதற்கா என்று மருத்துவரிடம் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

● அப்படிக் கேட்காததால் என்ன ஆகிறது? பரவிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த ஏறக்குறைய 1,200 பேரிடம் அமெரிக்காவில் கேட்டுப் பார்த்து 2012-ல் வெளியிட்டார்கள். தங்கள் நோயைக் கீமோ தீர்க்காது என்பது நுரையீரல் நோயாளிகளில் 69 சதவீதம் பேருக்கும், பெருங்குடல் நோயாளிகளில் 81 சதவீதம் பேருக்கும் புரிந்திருக்கவில்லை. இதைவிடவும் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று: ‘எங்கள் டாக்டர் நன்றாகப் பேசுவார்’ என்று சொன்னவர்களிடம்தான் இந்தத் தவறான நம்பிக்கை அதிகம் இருந்தது. இனிமையாகப் பேசுவதும் உண்மையைச் சொல்வதும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. நம் வீடுகளில் இன்னும் கடினம். மகனை வெளியே கூப்பிட்டுச் சொல்வார்கள்; அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்பார் மகன். ஊசி குத்துவது அம்மாவின் கையில்.

● கீமோ வேண்டாம் என்று சொல்வதும் ஆராய்ச்சியின் வெற்றிதான். ‘டெய்லர்எக்ஸ்’ என்ற ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். அக்குளில் பரவாத, ஹார்மோனுக்குக் கட்டுப்படும், ஹெர்2 என்ற புரதம் மிகுந்திராத ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய் அவர்களுக்கு. கட்டியின் 21 மரபணுக்களைச் சோதித்து மதிப்பெண் போட்டார்கள். நடுத்தர மதிப்பெண் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் மாத்திரை மட்டுமே போதும், கீமோவால் கூடுதல் பலன் இல்லை என்று 2018-ல் தெரிந்தது. ஐம்பது வயதுக்குக் கீழே சிலருக்கு மட்டும் ஓரளவு பலன் உண்டு.

● நிறையக் கொடுத்தால் நிறையக் குணமாகுமா? 1990-களில் மார்பகப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜையே அழியும் அளவு கீமோ ஏற்றி, பிறகு நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லைத் திருப்பிச் செலுத்தினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த வேதனையைத் தாங்கினார்கள். 1999-ல் முறையான ஆய்வுகள் வெளிவந்தபோது, சாதாரண அளவைவிட அதில் பலன் இல்லை என்று தெரிந்தது. பலன் உண்டு என்று சொன்ன ஒரே தென்னாப்பிரிக்க ஆய்வு, மோசடி என்று 2000-ல் அம்பலமானது.

● சிறுநீரகப் புற்றுநோய்க்குப் பழைய கீமோ ஏறக்குறைய பயன்படுவதே இல்லை. மூளைக்குள் பல மருந்துகள் நுழைவதே இல்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு விடாது. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும் ‘பம்ப்’ ஒன்றும் சில புற்றுச் செல்களில் உண்டு. விக்டர் லிங் குழு 1976-ல் கண்டுபிடித்தது.

● மூட்டுவாதத்துக்கும் மெதோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுப்பார்கள், மிகக் குறைந்த அளவில். அது வாரம் ஒரே ஒரு நாள் மட்டும். தினமும் போட வேண்டியது என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

● மும்பை டாடா மருத்துவமனை, பரவிய வாய், தொண்டைப் புற்றுநோயில் இரண்டு வழிகளை ஒப்பிட்டது. ஒன்று, ரத்தக்குழாயில் ஏற்றும் சிஸ்பிளாட்டின். மற்றது, மெதோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப் என்ற மலிவான மாத்திரைகள், வீட்டிலேயே. 2020-ல் வந்த முடிவு: மாத்திரை எடுத்தவர்கள் சராசரியாக 7.5 மாதம், சலைனில் ஏற்றிக்கொண்டவர்கள் 6.1 மாதம் வாழ்ந்தார்கள். பக்கவிளைவும் மாத்திரையில் குறைவு. ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி, லாட்ஜில் தங்கி, கூட வருபவர் கூலியை இழக்கும் குடும்பத்துக்கு இதன் அர்த்தம் பெரிது. நம் நாட்டு நோய்க்கு நம் நாட்டிலேயே விடை தேடும் இத்தகைய ஆய்வுகள் இன்னும் நிறைய வேண்டும்.

● கீமோ தாங்குமா என்பதைப் பிறந்த வருடத்தை வைத்து மட்டும் முடிவு செய்வதில்லை. நோயாளி எழுந்து நடமாடுகிறாரா, பகலில் எவ்வளவு நேரம் படுக்கையில், தானே குளிக்க முடிகிறதா என்று பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பிடுவார்கள். பகலில் பாதிக்கு மேல் படுக்கையில் என்ற நிலையில், மருந்துக்கு நன்றாக மசியும் சில நோய்கள் தவிர மற்றவற்றில் கீமோ பெரும்பாலும் துன்பத்தையே கூட்டுகிறது. 2015-ல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. மரணம் நெருங்கிய கட்டத்தில், ஓரளவு தெம்பாக இருந்தவர்களுக்கும்கூடக் கீமோ, கடைசி வார வாழ்க்கையை மோசமாக்கியிருந்தது.

● ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்ற கட்டத்துக்கான வைத்தியம் என்றே பாலியேட்டிவ் கேரைப் பலரும் நினைக்கிறார்கள். வலி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை, பயம் ஆகியவற்றைத் தணிக்கும் இந்தச் சிகிச்சையைக் கீமோ தொடங்கும்போதே சேர்த்துத் தொடங்கலாம். பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் ஜெனிஃபர் டெமெல் இதைச் சோதித்தார். 2010-ல் வெளியான முடிவில், தொடக்கத்திலிருந்தே பாலியேட்டிவ் கேர் சேர்த்துப் பெற்றவர்கள் சராசரியாக 11.6 மாதமும், மற்றவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தார்கள். கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சை பெற்றவர்கள் முதல் குழுவில்தான் குறைவு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தச் சேவையும் அடக்கம். செவிலியர் வீட்டுக்கே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குழாய்களைக் கவனிப்பது எல்லாம் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே பதியலாம்.